எட்டாம் நாள் சாயங்காலம்

அத்தியாயம் 17

தயிர்சாதத்தைப் பிசைந்து முடித்த பிறகும் ஹேமலதாவின் விரல்கள் கிண்ணத்தைவிட்டு வெளியே வரவில்லை.

எண்பது நாளாகப் பழகிய விரல்கள். சாதம், தயிர், உப்பு, அப்புறம் அந்த வெள்ளைத் தூள். ஒரு மாத்திரையை ஸ்பூனின் முதுகால் நசுக்கினால் இரண்டு சிட்டிகை வரும். மேலே கடுகும் பச்சைமிளகாயும் தாளித்துக் கொட்டிவிட்டால் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

இன்று அவள் தூள் போடவில்லை.

மாத்திரை அட்டை ரவை டப்பாவின் அடியில் கிடந்தது. கிடக்கட்டும். யாருக்கும் தெரியாமல் தொடங்கியது யாருக்கும் தெரியாமலே முடிந்துவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொன்னது மனதில் ஒட்டவில்லை.

இந்த வீட்டுக்கு முதல் வாரத்திலிருந்து வந்து போகிற வாசகர்களுக்கு அந்த அட்டையின் கதை தெரியும். இன்றுதான் வாசலில் வந்து நிற்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடலாம்.

ஹேமலதாவின் கணவன் செல்வகுமாருக்கு மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் மூடி கம்பெனியில் வேலை. பாட்டிலுக்கு அலுமினிய மூடி அடிக்கிற பிரஸ் மிஷின். அங்கே அடிக்கிற மூடியில் முக்கால்வாசி பிராந்தி பாட்டிலுக்குத்தான் போகும். பகலெல்லாம் மூடி அடித்தவன் சாயங்காலம் ஒன்றைத் திறக்காமல் வீடு வந்ததில்லை. மார்கழியில் ஒருநாள் ஷிப்டுக்கே குடித்துவிட்டுப் போனான். மிஷின் இறங்கும்போது கையை உள்ளே வைத்திருந்தான். பக்கத்தில் நின்றவர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் விரல்கள் மிஞ்சின. நிர்வாகம் வேலையை விட்டு நிறுத்தியது.

சங்கம் விடவில்லை. புது ஒப்பந்தத்தில் அவர்கள் ஒரு ஷரத்து போராடி வாங்கியிருந்தார்கள். குடியிலோ மனசிலோ சிக்கல் இருக்கிற தொழிலாளிக்குப் போனிலேயே வைத்தியம். மதுரையில் உட்கார்ந்து பேசுகிற ஓர் ஆலோசகர், அவருக்கு மேலே ஒரு டாக்டர். பேசுகிற பேச்சு நிர்வாகத்தின் காதுக்குப் போகாது. தொண்ணூறு நாள் குடிக்காமல் இருந்தால் மிஷின் திரும்பக் கிடைக்கும். அதுவரை பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்ட வேண்டும்.

முதல் ஏழு நாள் நன்றாகத்தான் போயிற்று. எட்டாம் நாள் சாயங்காலம், வேலை விட்டுப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்த ஹேமலதா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சாராயக்கடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு செல்வகுமார் நின்றிருந்தான். பஸ் நிற்கவில்லை. அவன் வீட்டுக்கு வர எட்டு மணி ஆயிற்று. வாயில் ஹால்ஸ் மிட்டாய் வாசனை.

எதை மறைக்க ஹால்ஸ் போடுவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள்.

ரேஷன் கடை வரிசையில் ஒரு பெண் எப்போதோ சொன்ன மாத்திரையின் பெயர் ஞாபகத்துக்கு வந்தது. மருந்துக்கடையில் சீட்டுக்கூடக் கேட்கவில்லை. "சோத்துல கலந்து குடுங்க. குடிச்சா ஒத்துக்காது. தானா வெறுத்துடும்" என்றான் கடைக்காரன். ஒன்பதாம் நாள் தொடங்கினாள்.

அவன் அதற்குப் பிறகு குடிக்கவில்லை. மாத்திரைதான் காப்பாற்றியது என்று நம்பினாள். அதுவே கெடுதல் செய்யும் என்று நேற்று சாயங்காலம் வரை நினைக்கவில்லை.

நேற்று அவன் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, ஆலோசகரோடு பேசிக்கொண்டிருந்தான். அது அவனுடைய இடம், அவனுடைய நேரம். துணி எடுக்கப் போனவள் படியிலேயே நின்றுவிட்டாள்.

"காலு மரத்துப் போவுது மேடம். ரோட்ல செருப்பு கழண்டு போனதே தெரியல. பின்னால வந்தவன் எடுத்துக் குடுத்தான்."

"எத்தனை நாளா அண்ணே?"

"பத்துப் பதினஞ்சு நாளா இருக்கும்."

"வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"ஒண்ணும் கெடையாது மேடம். தலவலி மாத்திரகூடத் தொடறதில்ல."

எவ்வளவு வெள்ளையாகச் சொன்னான்! அந்தக் குரலில் ஒளிவு மறைவு இல்லை. வியாழக்கிழமை ரத்தப் பரிசோதனைக்குப் போகச் சொன்னார்கள். ஹேமலதா துணியை எடுக்காமலே இறங்கி வந்துவிட்டாள்.

"எம்பத்தொம்போது!" என்று கூடத்திலிருந்து அபி கத்தினாள். காலேஜ் முதல் வருஷம் படிக்கிற மகள். காலண்டர் தாளைக் கிழிப்பதற்கு முன்னால் அதில் அப்பா குடிக்காத நாள் கணக்கை எழுதிவிட்டுத்தான் கிழிப்பாள். "அப்பா, இன்னொரு வாட்டி மொதல்லேருந்து சொல்லு. 'தோழர்களே'ன்னு சொல்றப்ப கொரல் நடுங்குது."

"நடுங்கட்டும்டி. முன்னல்லாம் கை நடுங்குச்சு. அதுக்கு இது தேவலாம் இல்ல?"

செல்வகுமார் கையில் ஒரு தாள். இன்று மதியம் ஷிப்டு மாறுகிற நேரத்தில் கம்பெனி வாசலில் சங்கத்தின் கூட்டம். போன் வைத்தியத்தை இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டக் கேட்கிறார்கள். அதனால் பயன் உண்டு என்று வெளிப்படையாகச் சொல்ல ஒருவர் வேண்டும். நானூறு பேரில் ஒருவன் சரி என்றான். அது செல்வகுமார்.

"ஹேமா, நீ வரணும். மொத வரிசைல ஒக்காரணும்."

"நான் எதுக்குங்க?"

"நல்லாக் கேட்ட போ. நீ இல்லாம நான் ஏது?" டிபன் டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்தான். "மத்தியானம் பிரியாணி பொட்டலம் குடுப்பாங்களாம். இருந்தாலும் ஒன் தயிர்சாதம் இருக்கட்டும். இத்தினி நாளும் அதான என்னைக் காப்பாத்துச்சி."

அபி சிரித்தாள். ஹேமலதா கை கழுவப் போனாள். கழுவிய கையையே மறுபடி கழுவினாள்.

*

அண்ணி அஞ்சலாட்சி தெருமுனையில் ஷேர் ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தாள். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற சொல்தா வீட்டின் நிழலில் நின்று, "சீக்கிரம் வாடி, ஆட்டோக்காரன் மொறைக்கிறான்" என்று கையை ஆட்டினாள்.

ஹேமலதாவின் அண்ணன் சாமிக்கண்ணுவும் அதே மூடி கம்பெனிதான். செல்வகுமாருக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான், முதல் குவார்ட்டர் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அவரும் போன் வைத்தியத்தில் சேரட்டும் என்று சங்கத்தில் கேட்டுப் பார்த்தார்கள். "ஏறுனது போன்ல பேசுனா எறங்கிடுமா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

போன வாரம் அஞ்சலாட்சி வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதாள். ஹேமலதா ரவை டப்பாவைத் திறந்து ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். "தெனம் ஒண்ணு. கொழம்புல. அவருக்குத் தெரியக் கூடாது. எங்க வீட்ல நடந்தது ஒங்க வீட்லயும் நடக்கும் அண்ணி." பட்டறிந்தவள் மாதிரி, பெரிய மனுஷி மாதிரி, சொல்லிக் கொடுத்தாள்.

ஆட்டோ முத்தியால்பேட்டை மார்க்கெட்டைத் தாண்டியதும் அஞ்சலாட்சி காதோடு வந்தாள்.

"இன்னையோட மூணு நாளு ஹேமா. ஒண்ணும் தெரியல."

"அண்ணன் குடிச்சுதா?"

"எங்க? மாரியம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டியிருந்தாரே. ஒரு வாரமா ஒரு சொட்டு தொடல. இன்னைக்குக் காலைலதான் அவுத்தாரு. ஷிப்டு விட்டதும் நேராக் கடைதான், பாத்துக்க." குரலை இன்னும் தாழ்த்தினாள். "அதான் இன்னைக்கு ரெண்டாப் போட்டேன். இட்லிக்குச் சாம்பார் வெச்சேன். ரெண்டு கரண்டி கேட்டு வாங்கி ஊத்திக்கிட்டாரு."

ஹேமலதா அவள் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டா? அண்ணன் பிரஷர் மாத்திர முழுங்குதே அண்ணி."

"அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது."

"வேணாம் அண்ணி. இனிமே போடாத. நிறுத்திடு."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம்."

அஞ்சலாட்சி விலகி உட்கார்ந்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒன் புருசன் மைக்கு முன்னால நிக்கப் போறாரு. எம் புருசன் மட்டும் சாக்கடையில கெடக்கணுமா? நல்லா இருக்குடி ஒன் ஞாயம்."



*

கம்பெனி வாசலில் வேப்பமரத்துக்குக் கீழே சாமியானா போட்டிருந்தார்கள். கொடிகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், கரகரக்கிற மைக். முதல் ஷிப்டு ஆட்கள் வெளியே வந்து நிற்க, இரண்டாம் ஷிப்டு ஆட்கள் உள்ளே போகாமல் நின்றார்கள். சங்கச் செயலாளர் மதிவாணன் வழக்கத்துக்கு மாறாக இரண்டே நிமிடம் பேசினார்.

"கை போச்சுன்னா நஷ்டஈடு கேக்கறோம். மனசு போச்சுன்னா மட்டும் ஏன்யா வெக்கப்படணும்? நம்ம தோழர் ஒருத்தர் வெக்கப்படாம வந்திருக்காரு. கேளுங்க."

செல்வகுமார் எழுந்தான். பின்வரிசையிலிருந்து சாமிக்கண்ணு கத்தினார். "மாப்ள, ஒரு சோடா அடிச்சிட்டுப் பேசு! வெறும் வாயில பேசி ஒனக்குப் பழக்கமில்ல!"

கூட்டம் சிரித்தது. செல்வகுமாரும் சிரித்தான். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டான்.

"தோழர்களே," என்றான். குரல் நடுங்கத்தான் செய்தது. "எழுதி வெச்சதெல்லாம் எம்பொண்ணு திருத்திக் குடுத்தது. நல்லாத்தான் இருக்குது. ஆனா அதுல ஒரு விஷயம் இல்ல. எட்டாம் நாள் சமாச்சாரம்."

ஹேமலதா நிமிர்ந்தாள்.

"எட்டாம் நாள் சாயங்காலம் காலு தானாக் கடைக்குப் போயிடுச்சு. கம்பியப் புடிச்சிட்டு நிக்கறேன். கடைக்காரன் 'வழக்கமானதா?'ன்னு கேக்கறான். ஒடம்பு பூரா ஆமான்னுது. அப்ப அந்த நம்பர அடிச்சேன். மேடம் எடுத்தாங்க. எங்க இருக்கீங்கன்னாங்க. கடை வாசல்லன்னேன். திட்டுவாங்கன்னு பாத்தேன். திட்டல. பக்கத்துல பொட்டிக்கடை இருந்தா ஒரு ஹால்ஸ் வாங்கி வாயில போடுங்க, அது கரையற வரைக்கும் எங்கூடப் பேசிக்கிட்டே நடங்கன்னாங்க. ஒண்ணு கரைஞ்சுது. இன்னொண்ணு போட்டேன். வைத்திக்குப்பம் கடக்கரை வரைக்கும் நடந்தேன். படகு நெழல்ல ஒக்காந்தேன். மொத்தம் பதினோரு மிட்டாய். நாக்கு வெந்து போச்சு."

யாரும் சிரிக்கவில்லை.

"அன்னைக்கு நான் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். ஒரு சொட்டு தொடாம வந்தேன். இத யார்கிட்டயும் சொல்லல. எம் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல. கடை வாசல்ல நின்னேன்னு தெரிஞ்சா அதுக்கு மனசு ஒடஞ்சிடும். அது என்னை நம்பிக்கிட்டு இருக்குது. அதான் சொல்லல. இப்பச் சொல்லிட்டேன். ஹேமா, கோச்சிக்காத."

கைதட்டல் வேப்பமரத்துக் காக்கைகளைக் கிளப்பியது. பக்கத்து நாற்காலிப் பெண் ஹேமலதாவின் தோளைத் தட்டினாள். "குடுத்து வெச்சவம்மா நீ."

ஹேமலதாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. எல்லோரும் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பஸ் இரண்டு நிமிடம் தாமதமாக வந்திருந்தால் அவன் கம்பியை விட்டதைப் பார்த்திருப்பாள். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த இரண்டு நிமிடத்துக்காக அவள் எண்பது மாத்திரைகளை நசுக்கியிருக்கிறாள். அவன் குடிக்காமல் இருந்ததற்கும் அந்தத் தூளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது செய்ததெல்லாம் அவன் காலை மரத்துப்போக வைத்ததுதான்.

மதிவாணன் அவனுக்குத் துண்டு போர்த்தினார். சாமிக்கண்ணு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கேலி முகம் காணாமல் போயிருந்தது.

"மாப்ள, அந்த நம்பரக் குடு."

"நெசமாத்தான் கேக்கறியா மச்சான்?"

"குடுடான்னா." பீடிக்கட்டின் மேல்தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். மடித்து இடுப்பில் செருகினார். "நாளைக்குக் காலைல பண்றேன். இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு போட்டு முடிச்சுடறேன். கடேசி."

"அண்ணே," என்றாள் ஹேமலதா. "இன்னைக்கு வேணாம்ணே."

"ஏம்மா, பஞ்சாங்கம் பாத்தியா?"

"ஒடம்புக்கு ஒத்துக்காதுண்ணே. சொன்னாக் கேளு."

"முப்பது வருசமா ஒத்துக்குனது இன்னைக்கா ஒத்துக்காது?"

நாலே வார்த்தைதான். அண்ணே, சாம்பார்ல மாத்திர கலந்திருக்குது. சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் செல்வகுமார், தோளில் துண்டோடு. ஆட்கள் வரிசையாக வந்து அவன் கையைக் குலுக்கினார்கள். அந்த முகத்தை அவள் கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை. சாம்பாரைப் பற்றிச் சொன்னால் தயிர்சாதமும் வெளியே வரும்.

"விடு ஹேமா," என்றான் அவன். "மச்சான் நம்பர் கேட்டதே பெரிய விஷயம். வற்புறுத்தாத. மேடம் சொல்லுவாங்க, அவங்கவங்க காலால நடந்து வரணும்னு."

ஹேமலதா அண்ணன் சைக்கிளை மிதித்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

*

நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்ததும் செல்வகுமார் பையைத் திறந்து டிபன் டப்பாவை மேடைமேல் வைத்தான். டப்பா கனமாக உட்கார்ந்தது. திறக்கவே இல்லை.

"பொட்டலமே வயித்த அடைச்சிடுச்சு. ராத்திரிக்குச் சாப்பிடறேன். கொட்டிடாத."

"வேற பண்ணித் தரேங்க."

"எதுக்கு வேற? அதுவே போதும்."

அவன் சட்டையைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது. அஞ்சலாட்சி. ஹேமலதா காதில் வைத்தபோது முதலில் மூச்சு மட்டும்தான் கேட்டது.

"ஹேமா… ஓடியா… அண்ணன் விழுந்துட்டாரு…"

அடுத்த தெருதான். செல்வகுமார் முன்னால் ஓடினான். ஹேமலதா ரவை டப்பாவில் கையை விட்டு, அட்டையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு பின்னால் ஓடினாள். ஏன் எடுத்தாள் என்று யோசிக்க நேரமில்லை. கை எடுத்துவிட்டது.

சாமிக்கண்ணு நடையில் சுவரோரமாகக் கிடந்தார். முகமும் கழுத்தும் சுட்ட செங்கல் நிறம். நெஞ்சு ஏறி இறங்கியது. வாந்தி எடுத்திருந்தார். வேட்டி இடுப்பில் பீடிக்கட்டுத் தாள் அப்படியே இருந்தது.

செல்வகுமார் பதறவில்லை. முதலில் 108-க்குப் போட்டான். விலாசத்தை இரண்டு முறை சொன்னான். அடுத்த நொடி, யோசிக்காமலே அவன் விரல் இன்னொரு எண்ணை அழுத்தியது. எண்பத்தொன்பது நாள் பழக்கம்.

"சொல்லுங்கண்ணே, செந்தமிழ்ச்செல்வி பேசுறேன். கூட்டம் எப்படிப் போச்சு?"

"மேடம், எம் மச்சான் விழுந்துட்டாரு. மூஞ்சி ரத்தமா செவந்து கெடக்குது. மூச்சு வாங்குது. 108 சொல்லிட்டேன்."

"ஸ்பீக்கர்ல போடுங்க. டாக்டரைச் சேக்குறேன்."

போனில் ஒரு பாட்டின் நாலு வரி ஒலித்து நின்றது. ஒரு ஆண் குரல் நிதானமாகக் கேட்டது. "எவ்வளவு குடிச்சார்?"

"கால்வாசிகூட இல்லீங்க டாக்டர்," என்றாள் அஞ்சலாட்சி. "வீட்டுக்கு வாங்கியாந்து ஊத்துனது அப்படியே இருக்குது."

"வேற மருந்து?"

"பிரஷருக்கு ஒண்ணு."

"குடியை நிறுத்துற மாத்திரை எதாவது குடுத்தீங்களா? அவருக்குத் தெரியாம? வீட்ல யாராவது? பயப்படாம சொல்லுங்கம்மா. தெரிஞ்சாத்தான் ஆஸ்பத்திரியில சரியா பாக்க முடியும்."

அஞ்சலாட்சி ஹேமலதாவைப் பார்த்தாள். ஹேமலதா தரையைப் பார்த்தாள்.

"இல்லீங்க," என்றாள் அஞ்சலாட்சி.

கீழே சாமிக்கண்ணுவின் கை எதையோ பிடிக்கத் தேடியது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு அவளைக் கூட்டிப்போன கை.

"இருக்குது டாக்டர்," என்றாள் ஹேமலதா.

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அட்டையில் இருந்த பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தாள். "இன்னைக்குக் காலைல சாம்பார்ல ரெண்டு. அதுக்கு முன்னால ரெண்டு நாளா ஒண்ணு ஒண்ணு."

"நீங்க யாரும்மா? இவ்வளவு கரெக்டா எப்படிச் சொல்றீங்க?"

"நான்தான் குடுத்தேன். அண்ணிக்கு அதப்பத்தி ஒண்ணும் தெரியாது, நான்தான் சொல்லிக் குடுத்தேன்." குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "எங்க வீட்டுக்காரருக்கும் எண்பது நாளாக் குடுத்தேன். தயிர்சாதத்துல. நேத்தோட நிறுத்திட்டேன்."

போன் செல்வகுமாரின் கையில்தான் இருந்தது. கை நடுங்கவில்லை. அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான், அதிலிருந்து இன்னும் ஏதோ வரப்போகிறது என்பது போல.

டாக்டரின் குரல் மாறவில்லை. "சொன்னது நல்லதும்மா. அவரை ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. கால் பக்கம் தலகாணி. எலுமிச்சை, மோர், எதுவும் வாயில ஊத்தாதீங்க. அந்த அட்டையை ஆம்புலன்ஸ்ல குடுத்துடுங்க. செல்வகுமார்?"

"சொல்லுங்க சார்."

"நீங்களும் கூடப் போங்க. உங்க ரத்தமும் இன்னைக்கே எடுத்துடட்டும். வியாழக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேணாம்."

"சரிங்க சார்."

அவன் மண்டியிட்டு மச்சானைப் புரட்டினான். காலுக்குத் தலகாணி வைத்தான். வாயைத் துடைத்துவிட்டான். எல்லாவற்றையும் செய்தான். ஹேமலதா பக்கம் மட்டும் திரும்பவில்லை.

ஆம்புலன்ஸ் தெருவுக்குள் வர முடியாமல் முனையிலேயே நின்றது. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அஞ்சலாட்சி தலைவிரிகோலமாகப் பின்னால் ஓடினாள். அட்டையை வாங்கிய ஆம்புலன்ஸ் பையன், எப்போது எத்தனை என்று கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.

கதவருகே செல்வகுமார் நின்றான்.

"எந்த நாள்லேருந்து?"

"ஒம்போதாம் நாள்."

அவன் உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறான் என்று நினைத்தாள். போட ஒன்றுமில்லை.

"எட்டாம் நாள் நான் திரும்பி வந்தேன் ஹேமா."

"பஸ்ஸுலேருந்து பாத்தேங்க. நீங்க நிக்கறத மட்டும்தான் பாத்தேன்."

"வீட்டுக்குத்தான வந்தேன். கேட்டிருக்கலாமே."

நீங்களும் சொல்லியிருக்கலாமே என்று ஒரு பதில் இருந்தது. அதைச் சொல்கிற யோக்கியதை தனக்கு இன்று இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"இன்னைக்கு டப்பாவுல ஒண்ணும் கலக்கலீங்க. சத்தியமா."

வழி கேட்டவனுக்குத் தலையாட்டுவது போல அவன் தலையாட்டினான். போனை அவள் கையில் வைத்தான். "மேடம் லைன்ல இருக்காங்க. வெச்சுடு." ஏறிக்கொண்டான். கதவு சாத்திக்கொண்டது.

வண்டி திரும்பிப் போன பிறகுதான் பார்த்தாள். தெருவில் அவனுடைய ஒற்றைச் செருப்பு கிடந்தது. இடது கால் செருப்பு. கழன்றது அவனுக்குத் தெரிந்திருக்காது.

குனிந்து எடுத்தாள். மண்ணைத் தட்டினாள். இதைத் திரும்ப மாட்டிக்கொள்ள அவன் எங்கே வருவான்? ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வீட்டுக்கா? வழியில் எத்தனை கடை இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"அம்மா, இருக்கீங்களா?" என்றது போன்.

வெட்டிவிடத்தான் நினைத்தாள். இது அவனுடைய போன், அவனுடைய மேடம்.

"இருக்கேன். அவரு போய்ட்டாருங்க. வெச்சுடறேன்."

"நீங்க பேசலாமேம்மா."

"நானா? நான் கம்பெனில வேல செய்யலீங்களே."

"இந்த நம்பர் வீட்ல இருக்கிறவங்களுக்கும் சேத்துத்தான். ஒப்பந்தத்துலயே இருக்கு. யாரும் உங்ககிட்டச் சொல்லலையா?"

ஹேமலதா சொல்தா வீட்டுச் சுவரில் சாய்ந்தாள். ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் போன். தெருவில் நாலு வாசலில் நாலு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும்.

"எங்கேருந்து வேணும்னாலும் ஆரம்பிங்க," என்றது அந்தக் குரல். "நான் கேக்குறேன்."



"அன்னைக்கு நான் பஸ்ஸுல வந்துக்கிட்டு இருந்தேங்க," என்றாள். "ஜன்னலோரமா ஒக்காந்திருந்தேன்…"